குடியை நிறுத்த இணையவழித் திட்டம்: பாடங்களைக் கடைசியில் எழுதுங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய தொண்டு நிறுவனம், குடியைக் குறைக்கவோ விடவோ நினைப்பவர்களுக்குத் தமிழில் ஓர் இணையவழி சுயஉதவித் திட்டம் தொடங்கப் போகிறது. ஆறு வாரத்துக்கான பாடங்கள் எழுதியாகிவிட்டது. ஒரு டெவலப்பரும் பகுதிநேர ஆலோசகர் ஒருவரும் இருக்கிறார்கள். அடுத்து என்ன செய்வது, எங்கே சறுக்கும்?

பாடங்கள் முதலில் தயாரானதுதான் கொஞ்சம் இடிக்கிறது. பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில் பெரிய மர்மம் ஏதுமில்லை. குடிக்கத் தூண்டும் சூழலை அடையாளம் காண்பது, ஆசை வரும்போது தாக்குப்பிடிப்பது, ஊற்றிக் கொடுப்பவரிடம் மறுப்பது, சறுக்கினால் எழுவது. மீண்டவர் மறுபடி குடிக்குத் திரும்பாமல் தடுக்க, உளவியலாளர்கள் ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985இல் வகுத்துக் கொடுத்த சட்டகம்தான் இன்றும் பெரும்பாலான திட்டங்களின் எலும்புக்கூடு. பாடம் சுமாராக இருந்தாலும் திட்டம் ஓடும். ஓடாமல் போவதற்குக் காரணங்கள் வேறு: அளவு தப்பாகக் கேட்கப்படுவது, ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காணாமல் உள்ளே விடுவது, மறுபக்கத்தில் மனிதர் யாரும் இல்லாதது, போன் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இல்லாதது.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். 2018இல் ஆய்வாளர் ஹெலீன் ரைப்பர் குழுவினர் 19 சோதனைகளில் கலந்துகொண்ட 14,198 பேரின் தரவைத் தனித்தனி ஆள் வாரியாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். இணையவழித் திட்டத்தில் இருந்தவர்கள், மற்றவர்களைவிட வாரத்துக்குச் சராசரியாக 50 கிராம் சுத்த ஆல்கஹால் குறைவாகக் குடித்தார்கள். நம் ஊர்க் கணக்கில் அது ஒரு குவார்ட்டருக்கும் குறைவு. இதே ரைப்பர் நெதர்லாந்தில் 261 பேரிடம் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆறு வாரத் திட்டத்தில், ஆறு மாதம் கழித்துப் பாதுகாப்பான அளவுக்குள் வந்தவர்கள் 17.2 சதவீதம், வெறும் தகவல் கையேடு மட்டும் பெற்றவர்களில் 5.4 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் இதே பாதையில் பெலாரஸ், பிரேசில், இந்தியா, மெக்சிகோ நாடுகளில் ஒரு தளத்தைச் சோதித்து, பலன் உண்டு என்ற முடிவு 2021இல் வெளியானது. ஆகப் பலன் உண்டு, ஆனால் சிறியது. அந்தச் சிறிய பலன் மலிவாக ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போய்ச் சேரும் என்பதுதான் இதன் பலம். நிதி கொடுப்பவரிடம் "நூற்றுக்கு எண்பது பேர் விட்டுவிடுவார்கள்" என்று சொல்லிவைக்காதீர்கள்.

வாசலில் யாரை நிறுத்துவது

தினமும் அதிகம் குடித்து உடல் பழகிப்போனவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. சிலருக்கு, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள், வலிப்பு. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது, காதில் கேட்பது. உங்கள் தளத்தைப் படித்து உற்சாகமாகி "இன்றோடு விட்டேன்" என்று ஒருவர் வீட்டில் தனியாகப் படுத்துக்கொள்வதுதான் நீங்கள் உண்டாக்கக்கூடிய மிகப் பெரிய தீங்கு. அதனால் முதல் பாடத்துக்கு முன்னால் வடிகட்டும் பக்கம் எழுதப்பட வேண்டும், அதை மனநல மருத்துவர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

அந்தப் பக்கத்தின் கேள்விகள் பேச்சு வழக்கில், ஆம் இல்லை என்று பதில் சொல்லும்படி இருக்கட்டும். காலையில் கை நடுங்குகிறதா, நடுக்கம் நிற்க ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறதா? முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, ஏதேதோ தெரிந்ததா? மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி, வயிறு வீக்கம் உண்டா? வலிப்பு நோய்க்கு மருந்தோ தூக்க மாத்திரையோ எடுக்கிறீர்களா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? செத்துவிடலாம் என்ற எண்ணம் இந்த இரண்டு வாரத்தில் வந்ததா? இதில் எதற்கு "ஆம்" வந்தாலும் நிறுத்தும் தேதி குறிக்கும் திரை திறக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, "நீங்களாகவே திடீரென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்" என்ற செய்தியும், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவும், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் வர வேண்டும். வலிப்போ குழப்பமோ ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றால் 108 மட்டும், பெரிய எழுத்தில். ஊரில் "ஒரு டிரிப் போட்டால் தெளிந்துவிடும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வைட்டமின் பி1 ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நாள்பட்ட குடியரின் மூளை பாதிக்கப்படலாம். எத்தனை வருடமாக, எவ்வளவு குடிக்கிறார் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்ற ஒரு வரியை அந்தப் பக்கத்திலேயே சேருங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் ஒரு பிசகு, "ஆம்" என்றதும் ஆளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது. அவர் பின்னால் போய்ப் பதிலை "இல்லை" என்று மாற்றிவிட்டு வருவார். உங்களுக்கு அது தெரியக்கூடச் செய்யாது. கதவைச் சாத்தாமல் வேறு அறைக்கு அனுப்புங்கள். அன்றாடக் குடிக் கணக்கு எழுதும் நாட்குறிப்பு, குடும்பத்துக்கான பகுதி, டாக்டரிடம் காட்ட ஒரு பக்கச் சுருக்கம் எல்லாம் அவருக்கும் திறந்திருக்கட்டும். மூடியிருக்க வேண்டியது நிறுத்தும் தேதி மட்டும்தான்.

குவார்ட்டர் என்பது எத்தனை?

மதிப்பீட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் வினாத்தாளைத்தான் எடுப்பீர்கள். 10 கேள்விகள், 0 முதல் 40 வரை மதிப்பெண். 8 முதல் 15 வந்தால் அறிவுரை போதும். 16 முதல் 19 வந்தால் சுருக்கமான ஆலோசனையும் கண்காணிப்பும். 20 அல்லது அதற்கு மேல் போனால் மருத்துவரின் முழுப் பரிசோதனை. மூன்று நிமிட வேலை. அப்படியே மொழிபெயர்த்து ஏற்றினால் தமிழ்நாட்டில் அது பொய் சொல்லும். காரணம் இரண்டாவது கேள்வி: "குடிக்கும் நாளில் வழக்கமாக எத்தனை டிரிங்க்?" அங்கே ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். இங்கே ஒருவர் பாட்டிலை எண்ணுவார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மில்லிலிட்டரை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, அதை 0.789ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். டாஸ்மாக் பிராந்தியோ ரம்மோ 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் 61 கிராம், அதாவது ஆறு டிரிங்க். கட்டிங் 90 மில்லியில் 30 கிராம். ஆஃப் 375 மில்லியில் 127. ஃபுல் 750 மில்லியில் 253. பீர் 650 மில்லி, 5 சதவீதமானால் 26 கிராம். ஸ்ட்ராங் 8 சதவீதமானால் 41. "பீர்தானே" என்று இரண்டு ஸ்ட்ராங் அடிப்பவர் குவார்ட்டர்காரரை ஏற்கெனவே தாண்டிவிட்டார்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு குவார்ட்டர் குடிக்கும் ஒருவரை அந்த வினாத்தாளில் உட்கார வையுங்கள். முதல் கேள்விக்கு, வாரத்துக்கு நான்கு முறைக்கு மேல் என்பதால் 4 மதிப்பெண். இரண்டாவதில் "ஒண்ணுதான்" என்று நினைத்து "1 அல்லது 2" என்பதைத் தொடுவார்: 0. மூன்றாவது கேள்வி, ஒரே அமர்வில் ஆறு டிரிங்கோ அதற்கு மேலோ எத்தனை முறை? "ஆறு பாட்டிலா, நானா?" என்று "ஒருபோதும் இல்லை" தொடுவார்: 0. மொத்தம் 4. சரியாகக் கேட்டிருந்தால் 4, 2, 4 என்று 10 வந்திருக்கும். முதல் மூன்று கேள்வியிலேயே அவர் ஆபத்து எல்லையான 8ஐத் தாண்டியிருப்பார். ஆறு மதிப்பெண் காணாமல் போனதில் ஆபத்தான குடியர் "பரவாயில்லை" என்ற பச்சைத் திரையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகிறார்.

ஆகவே எண்ணைக் கேட்காதீர்கள். பாட்டில் படங்களைக் காட்டுங்கள்: கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல், பீர், ஸ்ட்ராங் பீர். தொட்டால் எண்ணிக்கை கூடட்டும், கிராம் கணக்கைப் பின்னால் நிரல் போட்டுக்கொள்ளும். பங்கு போட்டுக் குடிப்பதற்குத் தனி வழி வேண்டும். மூன்று பேர் ஒரு ஃபுல் என்றால் ஆளுக்கு 250 மில்லி, 84 கிராம். "பாட்டில் எது, எத்தனை பேர்" என்ற இரண்டு தொடுகையில் முடிய வேண்டும். கள்ளச்சாராயம் என்று ஒருவர் பதிந்தால் கிராம் கணக்கே போடாதீர்கள், எங்கே வாங்கினார் என்றும் கேட்காதீர்கள். பார்வை மங்கினாலோ வயிறு வலித்தாலோ உடனே 108 என்ற எச்சரிக்கை மட்டும் வரட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது நினைவிருக்கும்.

மதிப்பெண் வந்ததும் ஒப்பீடு காட்டுவது வழக்கம், அது வேலை செய்யும் உத்திதான். 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி 10 முதல் 75 வயது வரையிலான இந்திய ஆண்களில் மது குடிப்பவர்கள் 27.3 சதவீதம், பெண்களில் 1.6. "எல்லாரும்தான் குடிக்கிறான்" என்பவருக்கு, நூறு ஆண்களில் 73 பேர் குடிப்பதில்லை என்ற ஒரு வரி போதும். பெண்ணுக்கு இந்த ஒப்பீட்டைக் காட்டாதீர்கள். ஏற்கெனவே வெட்கத்தில் இருப்பவரை அது இன்னும் ஒளித்துவிடும். அவருடைய சொந்த வாரக் கணக்கை மட்டும் காட்டுங்கள்.

பணக் கணக்கும் காட்டலாம். விலையை நிரலில் எழுதி வைக்காதீர்கள், விலை ஏறும். "ஒரு குவார்ட்டருக்கு நீங்கள் கொடுப்பது எவ்வளவு, சைடு டிஷ்ஷோடு சேர்த்து?" என்று அவரிடமே கேட்டு அந்த எண்ணால் பெருக்குங்கள். அவர் சொன்ன விலை, அதனால் அவரால் மறுக்க முடியாது.

முதல் பத்து நிமிடம்

இணையவழி உடல்நலத் திட்டங்களில் ஆட்கள் உதிர்ந்துகொண்டே போவதை ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் 2005இல் ஒரு விதியாகவே எழுதினார். பதிவு செய்பவர்களில் பெரும்பகுதி இரண்டாவது முறை வருவதில்லை என்று வைத்துக்கொண்டே வடிவமையுங்கள். அப்படியானால் முதல் அமர்வில் ஒருவர் மூன்றையாவது எடுத்துப் போக வேண்டும்: தன் உண்மையான அளவு, ஒரே ஒரு "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" திட்டம், ஒரு போன் எண். பதிவுப் படிவம் முடிவுத் திரைக்குப் பிறகு வரட்டும். மின்னஞ்சல் கேட்காதீர்கள். பெயர் தேவையில்லை, புனைபெயர் போதும்.

அந்த ஒரு திட்டத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே வெளியேறுவார்கள். பட்டியலிலிருந்து தொட்டு எடுக்கும்படி வையுங்கள். பட்டியல் இந்த ஊருடையதாக இருக்க வேண்டும். வெளிநாட்டுத் திட்டத்திலிருந்து பெயர்த்தெடுத்த "உணவோடு ஒயின்", "அலுவலக விருந்து" எல்லாம் சித்தாள் வேலை முடித்து வருபவருக்கு ஒட்டாது. சனிக்கிழமைக் கூலி, உடம்பு வலி, தூக்கம் வராதது, சாவு வீடு, கிடா விருந்து, வீட்டில் சண்டை, கடன்காரர் வந்து போனது, பழைய கூட்டாளி பைக்கில் வந்து ஹார்ன் அடிப்பது. மார்லட் தம் ஆய்வில் குடி, புகை போன்ற பழக்கங்களுக்கு மறுபடி திரும்பியதற்கான காரணங்களைப் பிரித்தபோது தனிமை, கோபம், சலிப்பு போன்ற மனநிலைகள் 35 சதவீதமும், பிறர் வற்புறுத்தல் 20 சதவீதமும், சண்டை சச்சரவு 16 சதவீதமும் வந்தன. நம் ஊரில் உடல் வலியையும் சேர்த்துக் கேளுங்கள். "வலிக்குத்தான் சார்" என்பது சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சுமை தூக்குபவருக்கு வலி நிஜம், அதற்கு வேறு வழி சொல்லாமல் குடியை மட்டும் எடுத்தால் நிற்காது.

நினைவூட்டல் செய்தியின் நேரமும் இதைப் பொறுத்ததே. டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை. காலை 9 மணிக்கு "இன்று குடிக்காதீர்கள்" என்று அனுப்புவதில் பயனில்லை. வேலை முடியும் நேரத்தை அவரிடமே கேட்டு அதற்கு முக்கால் மணி முன்பு அனுப்புங்கள். வாரக் கூலிக்காரருக்குச் சனிக்கிழமை மதியம் தனிச் செய்தி.

ஆசை வரும்போது அழுத்தும் பொத்தான் ஒன்று கட்டாயம். உள்நுழைவு கேட்கக் கூடாது, நெட் இல்லாமலும் திறக்க வேண்டும். 20 நிமிடக் கடிகாரம், பேச்சுத் தமிழில் மூன்று நிமிட ஒலிப்பதிவு, அவரே முன்பு தேர்ந்து வைத்த ஒருவரின் எண், இவ்வளவு போதும். ஆசை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். 32 கிலோபிட் மோனோவில் மூன்று நிமிட ஒலி 720 கிலோபைட்தான், முதல் வருகையிலேயே போனில் சேமித்துவிடலாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஏ-செஸ் என்ற செயலியில் இப்படி ஓர் அவசரப் பொத்தானும், பழைய குடி இடத்தை நெருங்கினால் எச்சரிப்பதும் இருந்தன. மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வந்த 349 பேரிடம் சோதித்ததில், அளவு மீறிக் குடித்த நாட்கள் மாதத்துக்குச் சராசரி 1.39, செயலி இல்லாதவர்களிடம் 2.75. இருப்பிடம் பார்க்கும் வசதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெருவுக்கு ஒரு கடை இருந்த ஊர்களில் அது ஓயாமல் அலறும். சேரும் இருப்பிடத் தரவும் உங்களுக்குத் தலைவலி.

போன் யாருடையது

பல வீடுகளில் போன் பொது. மகள் பாடம் படிக்கிறாள், மனைவி மகளிர் குழுச் செய்தி பார்க்கிறார். முகப்பில் "மதுவிலக்கு" என்ற பெயரோடு ஒரு சின்னம் இருந்தால் அன்று மாலையே நீக்கப்படும். தளத்தின் பெயர், பக்கத் தலைப்பு, சின்னம் மூன்றும் எதையும் காட்டிக்கொடுக்காத பெயரில் இருக்கட்டும். ஓடிபி எந்த எண்ணுக்கு வரும் என்பதைப் பதிவின்போதே கேளுங்கள், "இந்த போனை வேறு யாரும் பார்ப்பார்களா?" என்று. ஆம் என்றால் செய்தி அனுப்புவதையே நிறுத்தி, நாலு இலக்கப் பின் எண் மட்டும் கொடுங்கள். சட்டென மூடும் பொத்தான் வையுங்கள், ஆனால் அது பிரவுசரின் பழைய பட்டியலை அழிக்காது என்பதையும் அதன் அருகிலேயே சொல்லுங்கள்.

எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் டிஎல்டி பதிவு முடிக்காமல் ஒரு செய்தியும் போகாது. அனுப்புநர் அடையாளம், ஒவ்வொரு வார்ப்புரு வாசகம் எல்லாம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும், கடைசி வாரத்தில் தொடங்கினால் திறப்பு விழா தள்ளிப்போகும். தமிழ்ச் செய்தி ஒன்றுக்கு 70 குறியீடுகள்தான். நீண்டு பிரிந்தால் துண்டுக்கு 67. "இன்று" என்ற சொல்லே ஐந்தைத் தின்னும். "இன்றைய கணக்கு எழுதியாச்சா?" என்ற அளவில் எழுதுங்கள். குறைவான காசு, பூட்டிய திரையில் படித்தாலும் யாருக்கும் ஒன்றும் புரியாது.

பார்வையாளர் கணக்குக்காக விளம்பர நிறுவனங்களின் நிரல் துண்டுகளை ஒட்டாதீர்கள். முடிவுப் பக்கத்தின் முகவரியிலேயே மதிப்பெண் இருந்தால், அது அப்படியே மூன்றாம் ஆளுக்குப் போகும். அமெரிக்காவில் மது சிகிச்சை நிறுவனமான மானுமென்ட், பயனர்களின் விவரங்களை மெட்டா, கூகுள் போன்றவற்றுக்குப் பகிர்ந்ததாக அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024இல் நடவடிக்கை எடுத்தது. நம் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் கொடுத்தாக வேண்டும். 18 வயதுக்குக் கீழானவரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை. எனவே அவர்களுக்கு எதையும் பதியாத தகவல் பக்கமும் உதவி எண்ணும் போதும்.

எழுதும் பெட்டி பற்றி ஒரு வார்த்தை. "உங்கள் மனதில் இருப்பதை எழுதுங்கள்" என்று ஒரு பெட்டி வைத்தால், இரவு 2 மணிக்கு ஒருவர் "இனி வாழப் பிடிக்கவில்லை" என்று எழுதுவார். அதைக் காலை 10 மணி வரை யாரும் பார்க்க மாட்டார்கள். யார், எத்தனை மணி நேரத்துக்குள் படிப்பார் என்று சொல்ல முடியாத பெட்டியை எடுத்துவிடுங்கள். தானாகப் பேசும் ஏஐ சாட்பாட்டை அந்த இடத்தில் உட்கார வைக்கும் யோசனைக்கும் என் பதில் அதேதான்.

வாரத்துக்கு ஒரு அழைப்பு

முன்பு சொன்ன 2018 ஆய்விலேயே, மனிதர் ஒருவர் துணைக்கு இருந்த திட்டங்கள் முழுக்கத் தானியங்கியாக ஓடியவற்றைவிட நல்ல பலன் தந்தன. அந்த மனிதர் பட்டம் பெற்ற உளவியலாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோவாவில் சங்கத் என்ற மனநலத் தொண்டு அமைப்பு, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆடிட்டில் 12 முதல் 19 வரை வந்த ஆண்களுக்கு அதிகபட்சம் நான்கு அமர்வு ஆலோசனை கொடுக்க வைத்தது. 2017இல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் ஆடிட் 8க்குக் கீழ் இறங்கியவர்கள் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 26.

உங்கள் பகுதிநேர ஆலோசகருக்கு இந்த வேலையைக் கொடுங்கள். ஓர் அழைப்புக்குப் பத்து நிமிடம், குறிப்பெழுத ஐந்து நிமிடம், எடுக்காத அழைப்புகளுக்கு இன்னொரு ஐந்து நிமிடம். நாளுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் வாரத்துக்கு நாற்பது பேரைத் தாங்கலாம். அதற்கு மேல் சேர்க்காதீர்கள், வரிசையில் காத்திருக்கச் சொல்லுங்கள். அழைப்பில் பாடம் நடத்த வேண்டாம். நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், புதன்கிழமை மட்டும் எதுவும் எழுதலையே, அன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டால் போதும். காலியாக விட்ட நாளில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். "ஏன் குடிச்சீங்க?" என்று தொடங்கினால் அடுத்த வாரம் போனை எடுக்க மாட்டார்.

சறுக்கல்

மூன்று வாரம் தொடாமல் இருந்தவர் ஒரு நாள் கட்டிங் போடுகிறார். "போச்சு, இனி என்ன" என்று அன்றே குவார்ட்டராக்குகிறார். இந்த மனநிலையை மார்லட் தனியாகவே பெயரிட்டு விளக்கினார். உங்கள் தளம் அதற்கு எண்ணெய் ஊற்றக் கூடாது. தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணும் கணக்கு, சறுக்கிய அன்று 0க்குப் போகும். 21 நாள் உழைப்பு ஒரே இரவில் அழிந்ததுபோல் திரை காட்டும். அதற்குப் பதிலாகக் கடந்த 30 நாளில் குடிக்காத நாட்கள் என்று காட்டுங்கள். 30க்கு 21 என்ற எண்ணைப் பார்ப்பவருக்கு மறுநாள் காலை எழுந்து உட்காரத் தோன்றும்.

சறுக்கல் பக்கத்தில் மூன்று கேள்வி போதும்: எங்கே, யாரோடு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன நடந்தது. இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். இங்கே ஒரு பாதுகாப்பு விஷயம் அடிக்கடி விடுபடுகிறது. சறுக்கல் சில நாள் தொடர்ந்து குடியாக நீண்டுவிட்டால், மறுபடி நிறுத்தும் முன் முதல் நாள் கேட்ட வடிகட்டும் கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். போன தடவை நடுக்கம் வரவில்லை என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதமில்லை.

குறைப்பதா, அடியோடு விடுவதா என்பதைப் பயனர் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் ஆடிட் 20 அல்லது அதற்கு மேல், கல்லீரல் பாதிப்பு, முன்பு வலிப்பு வந்தவர், கர்ப்பிணி, இவர்களுக்குக் "குறைக்கும்" பாதையைக் காட்டாதீர்கள். அடியோடு விடுவதையே வலியுறுத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற சுயஉதவிக் குழுக்களின் வழியில் மீண்டவர்களுக்கு "குறைத்தல்" என்ற சொல்லே கோபம் தரும். அவர்களை ஆலோசனைக் குழுவில் சேர்த்துக்கொள்ளும்போதே இந்தப் பிரிவினையை விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திறந்த பிறகு சண்டை வரும்.

இப்படி ஒரு தளத்தைத் தேடி முதலில் வருவது பல நேரம் மனைவியோ அம்மாவோதான். அவர்கள் தேடுவது "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து". குடும்பப் பக்கத்தின் முதல் பத்தியே இதற்கான பதிலாக இருக்கட்டும். டைசல்ஃபிராம் மாத்திரையை ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்து அவர் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மருந்து டாக்டர் மேற்பார்வையில், குடிப்பவரின் சம்மதத்தோடு மட்டும். அதற்கடுத்து: போதையில் இருக்கும்போது பேச வேண்டாம், தெளிந்திருக்கும் நாளில் நல்லதைக் கண்டு சொல்லுங்கள், அடி உதை இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்.

பலன் தெரிந்ததா என்று பார்க்க, முன்னும் பின்னும் எடுத்த சராசரியை வரைபடமாக்கிக் காட்டினால் ஏமாந்துபோவீர்கள். பிரிட்டனில் குடியைக் குறைக்க உதவும் டவுன் யுவர் டிரிங்க் தளத்தை 7,935 பேரிடம் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். தளத்தைப் பயன்படுத்தியவர்களும் குறைத்தார்கள், வெறும் தகவல் பக்கம் பார்த்தவர்களும் அதே அளவு குறைத்தார்கள். குடி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் இப்படிப்பட்ட தளத்தைத் தேடுவார், அதன் பிறகு அது தானாகவும் கொஞ்சம் இறங்கும். தவிர, கணக்குக் கேட்பதே ஆளைக் கொஞ்சம் மாற்றும். முடிந்தால் சீட்டுக் குலுக்கல் முறையில் பாதிப் பேரை ஆறு வாரம் காத்திருக்க வைத்து ஒப்பிடுங்கள். காணாமல் போனவர்களை "மாறவில்லை" என்றே கணக்கில் வையுங்கள். அறநெறிக் குழு ஒப்புதலும், முதல் ஆள் சேரும் முன் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவும் வேண்டும்.

கடைசியாக, மூடும் நாளுக்கும் இப்போதே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அனுமதித்த, போதைப் பழக்கச் சிகிச்சைக்கான ரீசெட் செயலியைத் தயாரித்த பியர் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனமே 2023 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. உங்கள் நிதி மூன்று வருடத்தில் நிற்கலாம். அப்போது பயனர் தன் நாட்குறிப்பைப் பிடிஎஃப் ஆக எடுத்துக்கொள்ள 60 நாள் அவகாசம், பிறகு சர்வரிலிருந்து முழு அழிப்பு, உதவி எண்கள் மட்டும் உள்ள ஒரு பக்கம். டொமைனை மட்டும் இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்து வையுங்கள். காலாவதியான முகவரியை ஆன்லைன் ரம்மிக்காரர் யாராவது வாங்கிப் போட்டுவிட்டால், ஆசை வந்த நேரத்தில் பழைய சின்னத்தை அழுத்துபவர் போய் நிற்பது அங்கேதான்.